பெரியவளின் அளவு

பரீட்சைக் காலத்தில் அந்த வீட்டுக்குத் துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் வாசலிலேயே தயங்கி நிற்பார்கள். நிற்காமல் என்ன செய்வார்கள்? மாடியில் ஒருத்தி "பற்று, வரவு, பற்று, வரவு" என்று மந்திரம் மாதிரி ஓதிக்கொண்டிருப்பாள். இன்னொருத்தி செத்து மண்ணாகிப்போன ராஜாக்களை, மனப்பாடத்துக்கு அடங்காத வருஷத்தில் செத்ததற்காக அதட்டிக்கொண்டிருப்பாள். மூன்றாமவள் ஜன்னலோரம் நின்று தானே இரண்டு குரலில் சண்டை போட்டுக்கொண்டிருப்பாள். கீழே நடு அறையில் நாலாமவள் வெறும் கட்டிலைக் குனிந்து பார்த்து, "இப்ப வலி எப்படிம்மா இருக்கு?" என்று கனிவாகக் கேட்பாள். சட்டை அளவு கொடுக்க வந்த ஒரு மனிதர் அதைப் பார்த்துவிட்டு, அளவும் கொடுக்காமல் சட்டையும் கேட்காமல் கம்பி நீட்டிவிட்டார்.

மாடியில் இருந்த மூன்று பெண்களும் போன வருஷம்தான் வாடகைக்கு வந்தவர்கள். வீட்டுக்காரி தையல்காரம்மா அவர்களுடைய பெயரையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்ள மெனக்கெடவில்லை. கணக்கியல் படிக்கிறவள் கணக்கு. வரலாறு படிக்கிறவள் சரித்திரம். மூன்றாமவள் எழுத்து படிக்கிறாள் என்று கேள்விப்பட்டதும் அம்மா ஊசியைக் கீழே வைத்துவிட்டாள்.

"கதை எழுதறதுக்குக்கூடப் பரீட்சையா? அப்ப பொய் சொல்றதுக்கும் மார்க் போடுவாங்களா?"

"நல்லாச் சொன்னா போடுவாங்க ஆன்ட்டி," என்றாள் அந்தப் பெண். அன்றிலிருந்து அவள் கதை.

கீழே கட்டிலோடு பேசுகிறவள் தையல்காரம்மாவின் மகள், சின்னவள். நர்ஸிங் கடைசி வருஷம். புத்தகத்தில் எதைக் கேட்டாலும் கொட்டுவாள், ஆனால் பிராக்டிக்கலில் இரண்டு தடவை ஃபெயில். நோயாளியின் உடம்பில் கை வைத்ததும் அவளுடைய கை நடுங்க ஆரம்பித்துவிடும். போன தடவை பரீட்சை வைக்க வெளியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல், "பேஷண்ட் நல்லாத்தான் இருக்காங்க, உன்னைத்தாம்மா பெட்ல போடணும்" என்று சொல்ல வார்டே சிரித்தது. இந்தத் தடவையும் போனால் கல்லூரியில் பெயரை அடித்துவிடுவார்கள். நாலு வருஷப் படிப்பும் கோவிந்தா.

அதனால் மழை விடுமுறையில் நால்வரும் சேர்ந்து படிப்பதென்று முடிவானது. முதலில் மாடிப் பெண்கள்தான் முறை வைத்து நோயாளியாகப் படுத்தார்கள். கணக்குக்குக் கூச்சம் அதிகம், அக்குளில் தெர்மாமீட்டர் வைத்ததும் கட்டிலே அதிரும்படி சிரிப்பாள். சரித்திரம் படுத்த நிமிஷத்தில் தூங்கிவிடுவாள். கதையோ எந்த வியாதி சொன்னாலும் அதை விட்டுவிட்டு உருக்கமாகச் செத்துப்போனாள்.

"கால்ல சுளுக்குன்னு சொன்னேன், ஏன்டி சாகறே?" என்று சின்னவள் கத்தினாள்.

முன்னறையில் மெஷின் நின்றது. "விடுங்கடி," என்றாள் அம்மா. "நானே ஒரு ஆளைத் தைச்சுத் தரேன்."

சொன்னபடியே மறுநாள் உட்கார்ந்துவிட்டாள். லைனிங் துணியை மேஜைமேல் விரித்து, டேப் எடுக்காமல், சாக்பீஸால் கோடு போடாமல், கத்தரிக்கோலை ஓட்டினாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே துணி வெட்டுப்படும் கரகரப்பு மட்டும் நிற்காமல் கேட்டது. உள்ளே அடைக்க வருஷக்கணக்காய்ச் சேர்ந்திருந்த வெட்டுத்துணி மூட்டைகள் இருந்தன. "பஞ்சு அடைச்சா தலையணை மாதிரி லேசா இருக்கும். ஆளுன்னா கனம் வேணாமா?" என்று சொல்லிக்கொண்டே கட்டைவிரலால் குத்திக் குத்தித் திணித்தாள். விரல்களை ஒவ்வொன்றாகத் தைத்தாள். முழங்கை மடங்கும்படி, இடுப்பு திரும்பும்படி மடிப்பு விட்டாள். முகத்தை மட்டும் ஒன்றும் செய்யவில்லை. வெள்ளைத் துணியில் நடுவே ஒரு தையல் ஓடியது, அவ்வளவுதான்.

சாயங்காலம் அதைத் தூக்கிவந்து கட்டிலில் கிடத்தினார்கள். தூக்கும்போது நால்வருக்குமே மூச்சு வாங்கியது.

சின்னவள் தலைமாட்டில் நின்று பார்த்தாள். இடது தோள் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. அம்மா கையில் அப்படித் தப்பு நடக்காது. இத்தனை வருஷத்தில் ஒரு காலர்கூடக் கோணியதில்லை. அவள் மெதுவாகப் போய் அலமாரியின் அடித்தட்டைத் திறந்து, அங்கே மடித்திருந்த நீலச் சட்டையை எடுத்துவந்து அதற்குப் போட்டுப் பார்த்தாள். தோள் உட்கார்ந்தது. கை மணிக்கட்டில் வந்து நின்றது. பொத்தான்கள் இழுக்காமல் தொங்காமல் மூடிக்கொண்டன.

"அம்மா, யார் அளவு வச்சு வெட்டினே?"

"அளவு என்னடி அளவு? கைக்கு வந்தபடி வெட்டினேன்," என்று சொல்லிக்கொண்டே வந்த அம்மா நிலைப்படியில் நின்றுவிட்டாள். நீலச் சட்டையைப் பார்த்தாள். பிறகு தன்னுடைய கையைப் பார்த்தாள்.

அந்தச் சட்டை சின்னவளின் அக்கா பெரியவளுடையது. அவள் சிறுவயதில் மதிலிலிருந்து விழுந்து காறை எலும்பு முறிந்து, இடது தோள் இறங்கியே போனது. வெளியில் யாருக்கும் தெரியாது. தெரியாதபடி அம்மா அவளுக்கு மட்டும் இடது பக்கத்தை இறக்கி வெட்டுவாள். இரண்டு மழைக்காலத்துக்கு முன் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒருநாள், குறித்த நேரத்துக்குக் கொடுக்க வேண்டிய பள்ளிச் சீருடைகளைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று அம்மா வீட்டுக்குப் போனாள். சின்னவள் இரண்டாம் வருஷப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். அம்மா திரும்பி வந்தபோது கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார்கள். "நீங்க யாரைத் தேடறீங்க?" என்று வார்டுக்காரி கேட்டாள். அதற்குப் பிறகு ஆளாளுக்கு எங்கெங்கோ கையெழுத்து வாங்கினார்கள். விஷயத்தை அம்மாவின் முகத்துக்கு நேராக ஒருவரும் சொல்லவில்லை, சொந்த மகள்கூட. அம்மாவும் அழவில்லை. மறுவாரம் மெஷினில் உட்கார்ந்துவிட்டாள். கல்லுப் பிள்ளையார் மாதிரி இருக்கிறாளே என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். தெருவுக்கென்ன, எதையாவது பேசத்தானே வேண்டும்.

"வேணாம்மா, பிரிச்சிடலாம்," என்றாள் சின்னவள்.

"ஏன்? ஆளு நல்லா வந்திருக்கே," என்றாள் அம்மா. "படி."

சின்னவள் துணி மணிக்கட்டில் விரலை வைத்தாள். நடுக்கம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. இரண்டு வருஷமாக வராத நிதானம் கைக்கு வந்திருந்தது. அவளுக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. அந்தச் சந்தோஷத்தைப் பற்றிப் பிறகு எத்தனையோ நாள் அவள் வெட்கப்பட்டிருக்கிறாள்.

மறுநாள் முதல் படிப்பு சூடுபிடித்தது. நோயாளியின் முன்கதையைக் கேட்டு அறிவதும் பரீட்சையில் உண்டு. அதனால் கதை திரைச்சீலைக்குப் பின்னால் உட்கார்ந்து நோயாளியின் குரலாகப் பதில் சொல்வாள். அந்தப் பதில்களுக்கு வேண்டிய பழைய விவரங்களைச் சரித்திரம் தயார் செய்ய வேண்டும். ஆனால் அவள் கற்பனை செய்ய மறுத்துவிட்டாள்.

"ஆதாரம் இல்லாம நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆன்ட்டி, இவங்களுக்குச் சின்ன வயசுல என்ன வியாதி வந்துச்சு?"

அம்மா துணிக்கு ஓரம் அடித்துக்கொண்டே சொன்னாள். வலது காலில் வெந்நீர் கொட்டியது. பால் குடித்தால் ஒத்துக்கொள்ளாது. இடி இடித்தால் காதைப் பொத்திக்கொள்ளும். சரித்திரம் ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டாள். யாருடைய கதை என்று அவளுக்குத் தெரியாது. சின்னவளுக்குத் தெரியும். அவள் புத்தகத்தில் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

நோயாளிக்கு உள்ளே போகிற தண்ணீரையும் வெளியே வருகிறதையும் குறித்துவைப்பது கணக்கின் வேலை. "இதுவும் வரவு செலவுதான். ரெண்டு பக்கமும் நேராகணும்," என்று உற்சாகமாகக் கிளம்பினாள். ஒரு கூஜாவில் தண்ணீர் அளந்து வைத்து, நோயாளிக்குக் கொடுத்ததாகச் சொல்லி டம்ளர் டம்ளராக ஒரு பேசினில் ஊற்றுவார்கள். சாயங்காலம் இரண்டையும் அளந்து பார்ப்பாள்.

ஒருநாள் கணக்கு தலையைப் பிய்த்துக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்தாள். "ஒரு டம்ளர் இடிக்குது."

"யாராவது குடிச்சிருப்பாங்க," என்றாள் சின்னவள்.

"நான் குடிக்கல. இவளுங்களும் குடிக்கல. நீ?"

"ம்ஹூம்."

கூஜாவுக்குக் கீழே ஈரமில்லை. கட்டிலிலும் இல்லை. கணக்கு முன்னறைப் பக்கம் திரும்பி, "ஆன்ட்டி, நீங்க தண்ணி எடுத்தீங்களா?" என்று கேட்டாள்.

"நான் எதுக்கு எடுக்கப்போறேன்?" என்றாள் அம்மா பாபினில் நூல் சுற்றிக்கொண்டே. "அவ கேட்டா. குடுத்தேன்."

கணக்கின் முகம் வெளுத்துப்போனது. அன்று அவள் கீழே சாப்பிட வரவில்லை.

இன்னொன்றும் நடந்தது. படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் புரட்டிப் புரட்டிப் போட வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும். சின்னவள் இதில் கறார். வலப்பக்கம், மல்லாக்க, இடப்பக்கம் என்று முறை தவறாமல் புரட்டுவாள். ஒருநாள் மத்தியானம், வலப்பக்கம் பார்க்கக் கிடத்திவிட்டு எல்லோரும் முன்னறையில் சாப்பிட உட்கார்ந்தார்கள். சோறும் முட்டையும். அம்மாவும் கூட உட்கார்ந்திருந்தாள். மழை ஓய்ந்து சுள்ளென்று வெயில் அடித்தது. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுப் போய்ப் பார்த்தால் நோயாளி மல்லாந்து கிடந்தது. ஒரு கை வயிற்றின்மேல் மடிந்திருந்தது.

"யாருடி திருப்பினது?"

"எல்லாரும் இங்கதானே இருந்தோம்," என்றாள் கதை.

சரித்திரம் கட்டிலைச் சுற்றி வந்தாள். குனிந்து பார்த்தாள், ஜன்னல் கம்பியை இழுத்துப் பார்த்தாள். "கனமான துணி. சரியா முட்டுக்கொடுக்காம விட்டா தானா சரிஞ்சிருக்கும். வேற எதுக்கும் ஆதாரம் இல்ல," என்று தீர்ப்பு சொன்னாள். சொல்லிவிட்டு அந்த அறையில் தனியாக நிற்காமல் மற்றவர்களோடு சேர்ந்தே வெளியே வந்தாள்.

அம்மா மட்டும் நிதானமாகத் தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தாள். "நேரமாச்சுல்ல. ஒரே பக்கம் படுத்தா அவளுக்கு வலிக்காதா?" என்றாள்.

அந்த வார இறுதியில் முழு ஒத்திகை. சின்னவள் வெள்ளை உடுப்பு போட்டுக்கொண்டு வந்து வணக்கம் சொன்னாள், கை கழுவினாள், நோயாளியின் கையைத் தொட்டாள். கதை திரைக்குப் பின்னாலிருந்து பதில் சொல்லிக்கொண்டே வந்தாள். தலைவலி, பசியில்லை, உடம்பு அசதி. எல்லாம் சரியாகப் போனது.

"வேற ஏதாவது தொந்தரவு இருக்கா?" என்று சின்னவள் கேட்டாள்.

"உன் கை ஜில்லுனு இருக்குடி, கொசு."

சின்னவள் கையை உதறிக்கொண்டாள். திரையை இழுத்தாள். கதை வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கொசுன்னு யார் உனக்குச் சொன்னா?"

"யாரும் சொல்லல நர்ஸம்மா. சத்தியமா தெரியாது. வாயில வந்துடுச்சு."

"என்னை அப்படிக் கூப்பிட்டது ஒரே ஒருத்திதான்," என்றாள் சின்னவள். பிறகுதான் மூவரிடமும் அக்காவைப் பற்றிச் சொன்னாள், இறங்கிய தோள், நீலச் சட்டை உட்பட.

மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நால்வரும் பேசினார்கள்.

"எனக்கு ஈரக்குலையே நடுங்குது. அதைத் தூக்கிப் போட்டுடலாம்," என்றாள் கணக்கு.

"பேயும் இல்ல, பிசாசும் இல்ல," என்றாள் சரித்திரம். "ஆனா உங்கம்மாவைப் பார்த்தியா நீ? முன்னறையில தைக்காத துணி மலை மாதிரி கிடக்கு. மெஷின் ஓடி நாலஞ்சு நாளாச்சு. இன்னைக்குக் காலையில என்கிட்ட வந்து, டாக்டர் எப்ப வருவாருன்னு கேக்கறாங்க. நான் என்ன பதில் சொல்ல?"

"நீ என்ன சொன்னே?"

"சாயங்காலம்னு சொல்லிட்டேன்." சரித்திரம் தலையைக் குனிந்துகொண்டாள். "பொய் சொல்லிட்டேன் நானு."

சின்னவள் கீழே இறங்கிப்போய்க் கத்தரிக்கோலை எடுத்தாள். அம்மா அடுக்களையில் இருந்தாள். கட்டிலருகே போய், விலாப்பக்கத் தையலில் கூர்முனையை வைத்தாள். வைத்ததுதான் தாமதம், பழைய நடுக்கம் முழங்கை வரைக்கும் ஏறியது. இதைப் பிரித்தால் இந்தக் கை பரீட்சைக்கு உதவாது. பிரிக்காவிட்டால் அம்மா கைவிட்டுப் போய்விடுவாள். இரண்டும் அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. கடைசியில் கத்தரிக்கோலை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, நோயாளியை இடப்பக்கமாகப் புரட்டிப் போட்டாள்.

"பரீட்சை முடியட்டும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒரு மகள் அப்படி நினைக்கலாமா என்று கேட்டால், கூடாதுதான். ஆனால் நினைத்தாள்.

பரீட்சையன்று காலையில் அம்மா அவளுக்கு ரொட்டியும் டீயும் கொடுத்தாள். வெள்ளை உடுப்பின் காலரை நீவிவிட்டாள். "நீ போயிட்டு வா. நான் இவளைப் பார்த்துக்கறேன்."

"அம்மா, நீ கடையைத் திறம்மா. மழை விட்டுடுச்சு, ஆளுங்க வருவாங்க."

"வரட்டும். நான் இங்கயேதான் இருப்பேன்."

வார்டில் அவளுக்குக் கிடைத்தது ஓர் இளம்பெண், காய்ச்சலில் துவண்டு கிடந்தாள். பழைய சின்னவளாக இருந்தால் அங்கேயே மயங்கி விழுந்திருப்பாள். இப்போது கை தானாகப் போனது. நாடி பார்த்தாள், உடம்பு துடைத்தாள், ஒரு சுருக்கம் இல்லாமல் புரட்டிப் படுக்கவைத்தாள். அந்தப் பெண் கண்ணைத் திறந்து, "அக்கா, நல்லா இருக்கு" என்றாள். எக்ஸ்டர்னலாக வந்திருந்த வயதான நர்ஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள்.

"போன ரெண்டு தடவையும் நடுங்கின பொண்ணா நீ? எங்க பழகினே?"

"வீட்ல ஒரு பேஷண்ட் இருக்காங்க மேடம்."

"யாரு?"

"அக்கா."

"அப்படியா. இப்ப எப்படி இருக்காங்க?"

"அப்படியேதான் இருக்கா மேடம். அம்மா பார்த்துக்கறாங்க."

சொல்லி முடித்து வராந்தாவுக்கு வந்த பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவளுக்கு உறைத்தது. பொய் சொல்கிறோம் என்கிற நினைப்பே அந்த நேரத்தில் இல்லை. பாஸ் என்று யாரோ முதுகில் தட்டிச் சொன்னார்கள். அவள் நிற்கவில்லை. பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தாள்.

வீட்டு வாசல் திறந்து கிடந்தது. மெஷின் மூடியிருந்தது. மாடிப்படியில் மூவரும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "உள்ள போ," என்றாள் கணக்கு. "எங்களால போக முடியல."

நடு அறையில் அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அந்தத் துணிக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நோயாளி மல்லாந்து கிடந்தது. முகத்தில் வெளிச்சம் விழாமல் ஜன்னலைப் பாதி சாத்தியிருந்தாள்.

"வந்துட்டியா," என்றாள் அம்மா. குரல் சாதாரணமாக இருந்தது. அதுதான் சின்னவளுக்குப் பயமாக இருந்தது.

"பாஸாயிட்டேம்மா."

"தெரியும். காலையில நீ கிளம்பினதுல இருந்தே இவளுக்கு மூச்சு ஒரு மாதிரியா இருந்துச்சுடி. தண்ணி குடுத்தேன், ரெண்டு வாய் குடிச்சா. அப்புறம் வேணாம்னு தலையைத் திருப்பிக்கிட்டா. நான் கையை விடவே இல்ல. யாரோ வந்து கதவைத் தட்டினாங்க, அவசரமாச் சட்டை வேணும்னு. என்னால வர முடியாது, எம்பொண்ணுக்கு முடியலன்னு சொல்லி அனுப்பிச்சுட்டேன். அன்னைக்கும் அப்படித்தானே சொல்லியிருக்கணும்? சொல்லாமப் போயிட்டேனே."

"அம்மா, இது..." என்று சின்னவள் ஆரம்பித்தாள். துணிம்மா என்று சொல்ல வேண்டும். சொல்லத்தான் வந்தாள்.

"நீ பாருடி," என்றாள் அம்மா. "நீ படிச்சவ. நீ பார்த்து எனக்குச் சொல்லு."

நிமிர்ந்து பார்த்த அம்மாவின் கண்ணில் பைத்தியம் இல்லை. தெளிவாக இருந்தது. எல்லாம் தெரிந்தவள் ஒன்றே ஒன்றைக் கேட்கிற பார்வை அது.

சின்னவள் கை கழுவிக்கொண்டு வந்தாள். மண்டியிட்டு, மணிக்கட்டில் மூன்று விரலை வைத்தாள். துணி கதகதவென்று இருந்தது. அம்மா காலையிலிருந்து பிடித்திருந்த சூடாக இருக்கலாம். ஆனால் சூடு அங்கே மட்டும் இல்லை, முழங்கை வரைக்கும், தோள் வரைக்கும் இருந்தது. ஒரு நிமிஷம் முழுதாகப் பார்க்க வேண்டும் என்பது படிப்பு. பார்த்தாள். விரலுக்கு அடியில் அந்தச் சூடு மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனது. கடைசியில் அது மழைக்காலத்து ஈரத் துணியாகச் சில்லிட்டுக் கிடந்தது. அவள் கை நடுங்கவில்லை.

"அம்மா," என்றாள். "அக்கா செத்துட்டாம்மா."

"ஆமாவா?" என்று அம்மா சின்னப் பிள்ளை மாதிரி கேட்டாள். பிறகு அவளிடமிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. இரண்டு வருஷமாக அடைத்து வைத்திருந்த சத்தம். "ஐயோ, என் தங்கமே" என்று அவள் அந்த உடம்பின்மேல் விழுந்ததில் கட்டில் சுவரில் மோதியது. மாடிப்படியில் இருந்தவர்கள் ஓடிவந்தார்கள். சின்னவள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அவளும் ஓவென்று அழுதாள். கணக்கும் கதையும் யாரும் சொல்லாமலே கட்டிலின் இரண்டு பக்கமும் நின்று, கலைந்த நீலச் சட்டையை இழுத்துச் சரிசெய்தார்கள்.

சத்தம் கேட்டுத் தெருவே திரண்டு வந்துவிட்டது. போன மாசம்தான் குடிவந்த எதிர்வீட்டு அம்மாள், மூலைக்கடைக்காரர், சட்டை கேட்டு வந்து திரும்பிப்போன மனிதர் என்று வாசலில் கூட்டம். உள்ளே வர யாருக்கும் தைரியமில்லை. சரித்திரம்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"என்னம்மா ஆச்சு? யாருக்கு என்ன?" என்று எதிர்வீட்டு அம்மாள் கேட்டாள்.

"தையல்காரம்மாவோட பெரிய பொண்ணு தவறிட்டாங்க."

"ஐயோ பாவமே. எப்போ?"

சரித்திரம் ஒருமுறை உள்ளே திரும்பிப் பார்த்தாள்.

"இப்பதான்," என்றாள்.